எரித்தலும் காத்தலும்: காட்டுயிர் நிலத்தில் தீயும் மேய்ச்சலும் எழுப்பும் அறக்கேள்வி

புல்வெளியை நம்பி வாழும் காட்டுயிர்களைக் காப்பதற்காக அந்தப் புல்வெளிக்கே தீ வைப்பதும், அதில் கால்நடைகளை மேயவிடுவதும் இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளன. தீயில் புழுவும் பூச்சியும் பாம்பும் மாள்கின்றன. மேய்ச்சலில் செடிகள் அழிகின்றன. தரையில் கூடு கட்டிய பறவையின் முட்டைகள் குளம்படியில் நொறுங்குகின்றன. ஆனால் தீயும் மேய்ச்சலும் அடியோடு நின்றுபோன இடங்களில் நிலமே வேறொன்றாக மாறி, அதை நம்பியிருந்த உயிரினங்கள் கூட்டத்தோடு மறைந்திருக்கின்றன. உயிரைக் காக்க உயிரைக் கொல்லலாமா என்ற பழைய கேள்வி இங்கே மூன்றாகப் பிரிகிறது. இயற்கையின் போக்கில் மனிதன் கைவைக்கலாமா? பலவற்றின் வாழ்வுக்காகச் சிலவற்றை இழக்கலாமா? எந்த உயிர் எந்த நிலத்தில் வாழவேண்டும் என்று முடிவு செய்பவர் யார்?

தீயும் மேய்ச்சலும் செய்யும் வேலை

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் குன்றுகள் என்ற பகுதி உண்டு. மேல்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும் அடர்ந்திருந்ததால் ஏர் அங்கே இறங்கவில்லை. வட அமெரிக்காவின் பிரெய்ரி என்னும் நெடும்புல்வெளி ஏறத்தாழ முழுவதும் வயலாக மாறிய பின்னும் இந்தக் குன்றுகளில் புல் எஞ்சியது அதனால்தான். அங்குள்ள கோன்சா பிரெய்ரி ஆய்வுநிலம் 3,487 ஹெக்டேர் பரப்புடையது. அதைப் பல நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை இரண்டு அல்லது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, சிலவற்றை 20 ஆண்டுக்கு ஒருமுறை என எரித்துப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருதுகள் 1987-இல் அங்கே திரும்பக் கொண்டுவரப்பட்டன.

அந்த ஆய்வுகள் காட்டுவது இது. புல்லின் வளர்முனை மண்மட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கிறது. தீ காய்ந்த தாளை எரித்துக்கொண்டு விரைந்து கடந்துவிடும். சில விரற்கடை ஆழத்திலேயே மண் பெரிதாகச் சூடேறுவதில்லை. மரக்கன்றின் வளர்முனையோ கிளை நுனியில் இருக்கிறது; அது கருகிவிடும். ஆகவே தீ வந்துபோகும் நிலத்தில் புல் நிலைக்கிறது. தீ நின்ற நிலத்தில் புதர்களும் செஞ்சீடர் மரங்களும் ஏறி, சில பத்தாண்டுகளில் புல்வெளி மூடிவிடுகிறது. ஆனால் தீ மட்டும் போதாது. ஆண்டுதோறும் எரிந்து, மேய்ச்சலே இல்லாத நிலத்தில் ஆள் உயரப் புல்வகைகள் சில மட்டும் ஓங்கி, மற்றச் செடிகளை நிழலில் அமுக்கிவிடும். பைசன்கள் அந்த உயரப் புல்லையே விரும்பித் தின்பதால் பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அவை மேயும் இடங்களில் நாட்டுச் செடிவகைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்கானது என்று 2022-இல் வெளியான கோன்சா ஆய்வு கண்டது.

இரண்டும் ஒன்றையொன்று வழிநடத்துகின்றன. எரிந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லைத் தேடி விலங்குகள் அங்கே கூடும். அதனால் எரியாத இடம் மேய்ச்சலிலிருந்து ஓய்வு பெற்று, புல் உயர்ந்து, அடுத்த தீக்கு எரிபொருளாகும். ஓக்லஹோமாவில் ஃபூலன்டார்ஃப், எங்கிள் என்ற ஆய்வாளர்கள் இந்த இயல்பையே முறையாக்கினார்கள்: நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் எரிப்பது, அடுத்த ஆண்டு வேறொரு பகுதியை எரிப்பது, விலங்கைத் தன் விருப்பப்படி நடமாட விடுவது. பிரெய்ரிக் கோழியின் வாழ்க்கை இதன் பயனைக் காட்டும். சேவல்கள் கூடி ஆடிக் கூவுவதற்குக் குட்டைப் புல் உள்ள திடல் வேண்டும். பேடை முட்டையிடுவதற்குச் சருகு சேர்ந்த உயரப் புல் வேண்டும். எல்லாம் எரிந்தாலும் அந்தப் பறவைக்கு வாழ்வில்லை. எதுவுமே எரியாவிட்டாலும் இல்லை.

தீ வைக்கும் முறையையும் அருகிலிருந்து அறிய வேண்டும். அறக்கேள்வியின் பாதி அதற்குள்தான் இருக்கிறது. எரிப்பு நாளில் முதலில் பார்ப்பது காற்றை. காற்றின் திசை, வேகம், ஈரப்பதம், புல்லின் உலர்வு ஆகியவை குறித்த வரம்புக்குள் இருந்தால்தான் வேலை தொடங்கும். முதல் தீயைக் காற்று போய்ச்சேரும் ஓரத்தில், புல் செதுக்கியோ நனைத்தோ வைத்த கோட்டை ஒட்டி வைப்பார்கள். அது காற்றுக்கு எதிராக, தாழ்ந்த சுடராக மெல்ல ஊர்ந்து செல்லும்; அது கடந்த இடம் கரிந்த பட்டையாக அகலும். பட்டை போதுமான அகலம் பெற்றதும் பக்கவாட்டு ஓரங்களைப் பற்றவைப்பார்கள். கடைசியாகக் காற்று வரும் பக்கத்தில் வைக்கும் தீ உயர எழுந்து, விரைந்து ஓடி, கரிந்த பட்டையில் மோதி, எரிய ஏதுமின்றி அணையும். நாலாபுறமும் ஒரே நேரத்தில் கொளுத்தினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நடுவில் அகப்பட்ட உயிருக்கு வழி இராது. காட்டுயிரை எண்ணி எரிப்பவர்கள் ஒரு பக்கத்தையாவது திறந்து விடுகிறார்கள்.

கைவைக்காமல் இருப்பது குற்றமற்றதா

இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது என்ற எண்ணம் வலுவானது. மனிதன் வந்துபோகும் விருந்தினனாக மட்டுமே இருக்கும் நிலம் என்ற கருத்தின் மீதுதான் அமெரிக்காவின் 1964 வனாந்தரச் சட்டம் எழுந்தது. பேராசையும் அவசரமும் அழித்த நிலங்களைப் பார்த்தவர்கள் கையை எடுத்துவிடுவதையே அறம் என்று கருதியதில் நியாயம் உண்டு. ஆனால் கையை எடுப்பதும் ஒரு செயலே என்பதை ராஜஸ்தானின் பரத்பூர் காட்டியது.

அங்குள்ள கேவலாதேவ் சதுப்புநிலம் சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பரத்பூர் அரசர்கள் அணைகட்டி நீர் தேக்கி உருவாக்கிய வேட்டைக்களம் அது. வலசைப் பறவைகளால் புகழ்பெற்றது. சுற்றுவட்டக் கிராமத்தாரின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அந்த நீரில் இறங்கி மேய்ந்தன. தேசியப் பூங்கா ஆனதும் 1982-இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தார் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பிறகு நடந்ததை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு பதிவு செய்தது. எருமைகள் தின்று கட்டுப்படுத்திவந்த பாஸ்பலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் பரவி நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீரை நாடும் பறவைகளும் மீன்களும் குறைந்தன. மேய்ச்சல் பறவைகளுக்குத் தீங்கு என்ற எண்ணத்தோடு தொடங்கிய ஆய்வே அந்த எண்ணத்தை மறுத்தது.

இங்கே இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. ஒன்று, மனிதன் உருவாக்கிய நிலத்தை மனிதன் தொடாத நிலமாக எண்ணியது. மற்றொன்று, செய்யாமல் விட்டதன் விளைவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று கருதியது. தீயைத் தடுப்பதும், மந்தையை வெளியேற்றுவதும், வேலி போடுவதும் முடிவெடுத்துச் செய்யும் காரியங்கள். அவற்றாலும் உயிர்கள் மாள்கின்றன. சாவு மெதுவாகவும் கண்ணுக்குப் படாமலும் நடப்பது ஒன்றுதான் வேறுபாடு. கண்ணுக்குப் படாத சாவுக்கு மனம் கலங்காமல் இருப்பது மனித இயல்பாக இருக்கலாம்; அதையே அறத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது.

பழந்தமிழ் மரபில் இதற்கு ஓர் ஒளி கிடைக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் மக்களின் தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. முல்லைக்கு ஆநிரை மேய்த்தல் தொழில். அது கவிதைக்கான இலக்கணம். நிலம் பேணும் கையேடு என்று அதைக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் மனிதனும் அவன் தொழிலும் இல்லாத நிலத்தை நிலம் என்று எண்ணிப் பார்க்காத மனம் அதில் தெரிகிறது.

தீயைப் பற்றிச் சமய நூல்கள்

கைவைக்கலாம் என்று ஏற்றுக்கொண்டாலும் எப்படி, எந்த எல்லை வரை என்ற கேள்வி நிற்கிறது. இந்தியச் சமயங்கள் காட்டுத் தீயைப் பற்றி நேரடியாகவே பேசியிருக்கின்றன.

பௌத்தத் துறவிகளுக்கான வினய நூலில், சுள்ளவக்கம் என்னும் பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. துறவிகள் சிலர் காட்டுக்குத் தீ வைத்தார்கள். காடெரிப்பவர்களைப் போல நடக்கிறார்களே என்று மக்கள் பழித்தார்கள். துறவி காட்டுக்குத் தீ வைக்கலாகாது என்று புத்தர் விதித்தார். பின்னர் விகாரைகளைச் சுற்றிப் புல் அடர்ந்து, காட்டுத் தீ வந்தபோது விகாரைகளும் எரிந்தன. அப்போது நெருங்கிவரும் தீக்கு எதிர்த்தீ வைக்கவும் காப்பு செய்துகொள்ளவும் அனுமதி தரப்பட்டது. தடையும் விலக்கும் அடுத்தடுத்தே நிற்கின்றன. தீ என்ற பொருள் இரண்டிலும் ஒன்றே. நோக்கமும் தேவையும் எல்லையும் மாறும்போது செயலின் அறமும் மாறுகிறது என்பதே அந்த விதிகளின் உட்பொருள்.

சமணம் இன்னும் கண்டிப்பானது. இல்லறத்தார் விலக்கவேண்டிய 15 தொழில்களைச் சமண நூல்கள் வகுத்திருக்கின்றன. காட்டுக்குத் தீ வைப்பது அவற்றுள் ஒன்று. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் அதை இருவகையாகப் பிரிக்கிறார்: வெறும் பழக்கத்தால் வைக்கும் தீ, புண்ணியம் என்று நம்பி வைக்கும் தீ. பழைய புல் எரிந்தால் புதுப்புல் முளைக்கும், பசுக்கள் மேயும் என்ற எண்ணமும் இந்த விளக்கத்தில் இடம்பெறுகிறது. இன்றைய நிலப் பராமரிப்பாளர் சொல்லும் காரணத்துக்கு மிக நெருங்கிய காரணம் அது. அதை அறிந்தே சமணம் மறுத்தது. எரியும் புல்லில் எண்ணற்ற உயிர்கள் உள்ளன என்பதால்.

அதே சமணத்தின் மற்றொரு நூலான தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி இம்சையை வரையறுக்கும்போது, கவனமற்ற மனநிலையோடு உயிரைப் போக்குவதே இம்சை என்கிறார். பிற்காலச் சமண அறிஞர்களும் வேண்டுமென்றே செய்யும் கொலையையும், உழவு போன்ற தொழிலில் தவிர்க்க இயலாமல் நேரும் உயிரிழப்பையும் வேறு பிரித்தார்கள். உழவின் இழப்பு மன்னிக்கப்படும் அளவுக்குக் குறைந்ததே தவிர, இல்லாததாகக் கருதப்படவில்லை. நிலத்துக்குத் தீ வைப்பவர் இந்த இரண்டு போதனைகளையும் சேர்த்து ஏற்க வேண்டியிருக்கிறது. நல்ல நோக்கம் தீயைப் புண்ணியமாக்கிவிடாது. கவனமோ தீங்கின் அளவை உண்மையிலேயே குறைக்கிறது.

மகாபாரதத்தின் காண்டவ தகனம் இதன் மறுபக்கம். அக்கினிக்குக் காட்டை இரையாக்கக் கண்ணனும் அருச்சுனனும் துணை நின்றார்கள். தப்பியோடிய உயிர்களை அவர்கள் காட்டின் விளிம்பிலேயே வீழ்த்தினார்கள். இந்திரன் பொழிந்த மழையை அம்புகள் தடுத்தன. நாகன் தக்ககனின் மகன் அசுவசேனன், மயன், நான்கு சார்ங்கப் பறவைகள் ஆகியோர் மட்டுமே பிழைத்தார்கள். தீக்கு நடுவில் நிற்கும் உயிருக்கு வழி மறுக்கப்படுவதுதான் அந்தக் கதையின் கொடுமை. காவியமும் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அந்தக் காட்டில் தாயை அருச்சுனனின் அம்புக்கு இழந்த அசுவசேனன் பல ஆண்டுகளுக்குப் பிறகு போர்க்களத்தில் கர்ணனின் நாகக்கணையில் ஏறி அருச்சுனனைத் தேடி வருகிறான். எரித்தவனுக்குக் கணக்கு முடிவதில்லை.

தனியுயிரும் நிலத்தின் வாழ்வும்

நவீனச் சூழல் அறவியல் இந்தக் கேள்வியை ஆல்டோ லியோபோல்டிடமிருந்து தொடங்குகிறது. காட்டுயிர்களை அழித்த கோடரி, ஏர், மாடு, தீ, துப்பாக்கி ஆகிய கருவிகளையே அறிவோடு பயன்படுத்தினால் அவற்றை மீட்கவும் முடியும் என்று 1933-இல் வெளியான தம் நூலில் அவர் வாதிட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1949-இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் மண், நீர், செடி, விலங்கு அனைத்தையும் ஒரே சமூகமாகக் கொண்டு, அந்தச் சமூகத்தின் நலனையே நன்மை தீமையின் அளவுகோலாக வைத்தார்.

விலங்குரிமைச் சிந்தனையாளர் டாம் ரீகன் 1983-இல் இதைக் கடுமையாகத் தாக்கினார். முழுமையின் நலனுக்காகத் தனியுயிரைத் தியாகம் செய்யலாம் என்றால், அதே நியாயம் மனிதருக்கும் பொருந்திவிடும். அது சர்வாதிகாரத்தின் தர்க்கம் என்பது அவர் குற்றச்சாட்டு. லியோபோல்டைப் பின்பற்றிய பேர்ட் காலிகாட் பிறகு தம் நிலைப்பாட்டைத் தளர்த்தினார். குடும்பம், ஊர், மனித இனம் எனப் பல சமூகங்களுக்குள் மனிதன் வாழ்கிறான். நிலச் சமூகத்தின் கடமை பழைய கடமைகளோடு சேர்வது, அவற்றை அழிப்பது அல்ல என்றார்.

தீ வைப்பதை மருத்துவர் கத்தியோடு ஒப்பிட்டு நியாயம் சொல்வது வழக்கம். அந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும். கத்தியால் வலிபடுபவரும் குணமடைபவரும் ஒருவரே. எரியும் புல்வெளியில் மாளும் புழு வேறு, அடுத்த ஆண்டு பிழைக்கும் புழு வேறு. ரீகல் ஃபிரிட்டிலரி என்ற அமெரிக்க வண்ணத்துப்பூச்சி இந்தச் சிக்கலைத் தன் உடலிலேயே சுமக்கிறது. அதன் இளம்புழுக்கள் சருகுக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. தீ வந்தால் அங்கேயே கருகிவிடும். ஆனால் அவை தின்று வளரும் வயலட் செடி, புதர் மூடாத திறந்த புல்வெளியில்தான் தழைக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்தப் பூச்சி பென்சில்வேனியாவின் இண்டியன்டவுன் கேப் ராணுவப் பயிற்சிக் களத்தில் எஞ்சியது. பயிற்சியால் எழுந்த தீயும் கனரக வாகனங்களின் தடமும் அந்த நிலத்தை மரம் மூடாமல் வைத்திருந்தன.

தனியுயிரின் துன்பத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டெர்ஸ்பிளாசென் காட்டியது. கடலிலிருந்து மீட்டெடுத்த நிலத்தில் 1980-களில் ஹெக் மாடுகளும் கோனிக் குதிரைகளும், பிறகு செம்மான்களும் விடப்பட்டன. அவற்றின் மேய்ச்சலால் நிலம் திறந்திருக்கும், எண்ணிக்கையைப் பஞ்சமே கட்டுப்படுத்தும் என்பது கொள்கை. வேலி இருந்ததால் பசித்த விலங்கு வேறிடம் போக முடியவில்லை. வேட்டையாடும் ஓநாயும் அங்கே இல்லை. 2017-18 குளிர்காலத்தில் 3,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. பட்டினியில் வீழும் நிலையில் இருந்தவற்றைச் சுட்டுக் கொன்றதே பெரும்பகுதி. மக்கள் வேலிக்கு மேலாக வைக்கோல் எறிந்தார்கள். பிறகு மந்தையின் அளவைக் கட்டுப்படுத்த முடிவானது. மேயும் விலங்கு ஒரு கருவி மட்டும் அல்ல. அதை அடைத்து வைத்தவருக்கு அதன் பசிக்கும் பொறுப்பு உண்டு.

யார் முடிவு செய்வது

நிலத்தின் நலன் என்று சொல்லும்போது எந்த நலன் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. அசாமின் காசிரங்காவில் ஆண்டுதோறும் எரிக்கப்படும் புல்வெளியில் முளைக்கும் இளம்புல் காண்டாமிருகத்துக்கும் மான்களுக்கும் உணவு. அதே மாநிலத்தின் மானஸில் வாழும் குள்ளப்பன்றி சுமார் 25 செ.மீ. உயரமே உள்ளது, உயரமான புல்லுக்குள் புல்லாலேயே கூடமைத்து வாழ்கிறது. வறண்ட மாதங்களில் வரைமுறையின்றி வைக்கும் தீ அதன் கூட்டையும் மறைவிடத்தையும் ஒருங்கே அழிக்கிறது. உலகில் வேறெங்கும் ஏறக்குறைய அற்றுப்போன அந்தப் பன்றிக்கு ஒரு தவறான எரிப்பு பேரிழப்பு. புல்வெளிக்கு நல்லது என்ற ஒரே விடை இரண்டு உயிர்களுக்கும் பொருந்துவதில்லை. எவ்வளவு, எப்போது, எங்கே என்று இடந்தோறும் கேட்க வேண்டும்.

அந்த விடையை அறிந்தவர் பெரும்பாலும் அங்கேயே வாழ்பவர். மூணாறு அருகே 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளின் மேய்ச்சலுக்காகப் புல்மேடுகளைப் பகுதி பகுதியாக முறைவைத்து எரிக்கும் வழக்கம் முதுவர் பழங்குடியினரின் கைத்திறனை நம்பியிருந்தது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்திலேயே, சருகு லேசாகக் காய்ந்திருக்கும்போது, தரகு பெங்கி என்னும் மெல்லிய தீ வைத்து வந்தார்கள். 1974-இல் அந்த மலை சரணாலயமானது; தீ குற்றமானது; மக்கள் காட்டின் உள்ளிருந்து அகற்றப்பட்டார்கள். உண்ணிச்செடி அடர்ந்து பரவியது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. தீ நின்றதே அதற்குக் காரணம் என்று சோலிகர்கள் சொன்னார்கள். சருகு சேரச் சேர, வந்தால் பெருந்தீயாகவே வரும் நிலையும் உருவானது. 2011-இல் அவர்களுடைய சமூக வன உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டன. தீ வைக்கும் உரிமை அவற்றில் சேரவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதம் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. மந்தைகளோடு நோயும் காட்டுக்குள் வரும். அளவு மீறிய மேய்ச்சல் மண்ணை மொட்டையாக்கும். இந்த அச்சங்கள் உண்மையானவை. ஆனால் பரத்பூரின் பாடமும் உண்மையானது. மேய்ப்பவரை விலக்கும் முன், அவர் மந்தை அந்த நிலத்தில் என்ன வேலை செய்துவந்தது என்று கேட்பது அறிவுக்கும் நீதிக்கும் பொதுவான கடமை.

தீயின் நிபந்தனைகள்

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் ஒரு நிலைப்பாடு தெளிவாகிறது. தீயும் மேய்ச்சலும் சார்ந்து உருவான நிலத்தில் அவற்றை நிறுத்துவதும் கொலையில் முடியும். ஆகவே விலகி நிற்பவர் தூய்மையை உரிமை கொண்டாட முடியாது. எரிப்பவரும் புண்ணியத்தை உரிமை கொண்டாட முடியாது. அவர் செய்வது இழப்பை உள்ளடக்கிய ஒரு கடமை. அந்தக் கடமை அறமாக நிற்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, நிலத்தின் வரலாறு. தீயோடும் மேய்ச்சலோடும் வளர்ந்த புல்வெளிக்கும் திறந்த காட்டுக்குமே இந்த நியாயம் பொருந்தும். ஈரமான சோலைக்காட்டின் மரங்களுக்குத் தீயைத் தாங்கும் இயல்பில்லை. அங்கே தீ வைப்பதற்கு எந்த வாதமும் இல்லை. இரண்டாவது, எல்லை. எரிக்கும் அளவைவிட எரியாமல் விடும் அளவு முக்கியம். சருகில் உறங்கும் புழுவும் புல்லில் ஒளியும் பன்றியும் பிழைக்க இடம் இருந்தால்தான் அடுத்த ஆண்டு எரிந்த நிலத்துக்கு உயிர் திரும்பும். மூன்றாவது, வழி. தீயின் ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும்; குட்டி போடும் காலமும் கூடு கட்டும் காலமும் விலக்கப்பட வேண்டும். நான்காவது, மேயும் விலங்கின் நலன். அதன் உழைப்பால் நிலம் பயன்பெறும்போது அதன் பசியும் நோயும் நிலத்தைப் பேணுபவரின் பொறுப்பாகின்றன. ஐந்தாவது, அந்த நிலத்தில் வாழும் மக்களின் சொல்லும் சம்மதமும். அவர்களை வெளியேற்றிவிட்டு அவர்கள் கலையை மட்டும் கடன் வாங்குவது அநீதி.

ஆறாவது நிபந்தனை எரிப்பு முடிந்த பிறகு தொடங்குகிறது. தீ வைத்தவர் கரிந்த நிலத்துக்குள் திரும்பப் போய், எவை மாண்டன, எவை தப்பின, எவை திரும்பி வந்தன என்று பார்த்து எழுத வேண்டும். எண்ணியது நடக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டின் எரிப்பைக் குறைக்கவோ, காலத்தை மாற்றவோ, அடியோடு நிறுத்தவோ வேண்டும். உமாசுவாதி இம்சைக்கு இலக்கணமாகச் சொன்ன கவனமின்மைக்கு எதிரான கவனம் தீ வைக்கும் நேரத்தோடு முடிவதில்லை. அதன் விளைவை ஆண்டுதோறும் ஏற்று, திருத்திக்கொண்டே இருப்பதுவரை அது நீள்கிறது.